மூடிய குடோனைத் தேடி வருகிறீர்கள்

மதிப்பிற்குரிய புள்ளியியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் பல்லடம் பக்கம் எங்கள் தெருவுக்கு ஒரு கணக்கெடுப்பாளர் வந்தார். கையில் டேப்லெட், அதில் ஒரு தறிக்குடோனின் பெயர். அது மூடிப் பல வருஷம் ஆகிறது. தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போயாயிற்று. அதே கட்டடத்தில் இப்போது துணி தைக்கிற பவர் டேபிள் மெஷின்கள் ஓடுகின்றன, முப்பது பேருக்கு வேலை. சிறுதொழிலுக்கான உதயம் பதிவு, ஜிஎஸ்டி, தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ எல்லாம் சரியாக இருக்கிறது. நடத்துகிற அம்மா பில் புக்கை எடுத்து வைத்து, “என்ன வேணும்னாலும் கேளுங்க தம்பி” என்றார். “உங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்கக்கா” என்றவர், பழைய பெயருக்கு நேரே ‘மூடப்பட்டது’ என்று போட்டுவிட்டுக் கிளம்பினார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? லிஸ்ட் கொடுத்தது நீங்கள்.

மூடியது கணக்கில் ஏறுகிறது, திறந்தது ஏறுவதில்லை. அப்புறம் இந்தப் பக்கம் தொழில் படுத்துவிட்டது என்று அறிக்கை வரும்.

புதிதாகத் தொடங்கிய தொழில்களுக்கு, நீங்கள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கிற மாதிரிப் பட்டியலில் தனி இடம் ஒதுக்குங்கள். கேட்பது இதைத்தான். நாட்டிலுள்ள தொழில்களை எண்ணுகிற ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-இல் தொடங்கியது. 2019-இல் தொடங்கிய ஏழாவதின் முடிவுகள் வெளியிடப்படாமலே போயின. நடுவில் ஜிஎஸ்டி வந்தது, கொரோனா வந்தது. எத்தனை மூடின, எத்தனை முளைத்தன?

புதிய தொழில்கள் உதயம், ஜிஎஸ்டி பதிவேடுகளில் இருக்கின்றன; அவற்றை அப்படியே நம்பச் சொல்லவில்லை. 2016-17 சேவைத் துறை ஆய்வில் கம்பெனிப் பதிவேட்டை வைத்துத் தேடியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆளே கிடைக்கவில்லை, மூடிக்கிடந்தன, அல்லது வேறு தொழிலில் இருந்தன. உங்கள் அறிக்கையே சொன்னது. அதனால்தான், காலாண்டுக்கு ஒருமுறை உதயத்திலும் ஜிஎஸ்டியிலும் புதிதாக ஏறியவற்றைத் தனிப் பிரிவாக எடுத்து, அதிலிருந்து சிலவற்றை நேரில் போய்ப் பாருங்கள் என்கிறோம்.

ஜிஎஸ்டி எண் வாங்கிய கையோடு “லோன் வேணுமா சார்” என்று போன் வருகிறது. லோன் விற்கிறவருக்குக் கிடைக்கிற பட்டியல், அரசாங்கத்தின் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போய்ச் சேர இத்தனை வருஷமா? வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் மட்டும் சரியான விலாசத்துக்கு வந்துவிடுகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்குப் பட்டியல் இறுதியாகும் முன் புதிய தொழில்களையும் அதில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூடிய விலாசத்தில் வேறு தொழில் நடந்தால் அதையும் குறித்துக்கொள்ள டேப்லெட்டில் ஒரு கட்டம் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரச் சிறுதொழில்காரன்