வீட்ல இருந்து வேலை பாக்குறத கட்டாயமாக்கினா எப்படிங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்ல இருந்து வேலை பாக்குறது சுகம்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் இல்லன்னு சொல்லல. 2024 ஜனவரி 15-ல நம்ம மொரீஷியஸ்ல பெலால் புயல் வந்தப்ப தலைநகர் போர்ட் லூயி ரோட்ல கார் எல்லாம் வெள்ளத்துல அடிச்சிட்டு போச்சே, அன்னிக்கு ஆபீஸ் போயி மாட்டிக்கிட்டவங்கள கேட்டா தெரியும். ஆனா கட்டாயம்னு வந்தா கதையே வேற.

நான் ஆபீஸுங்க நிறைஞ்ச எபேன்ல ஒரு கால் சென்டர்ல இருக்கேன், கஸ்டமருங்க எல்லாம் பிரான்ஸ். அங்க குளிர்காலம்னா நமக்கும் அவங்களுக்கும் 3 மணி நேரம் வித்தியாசம், அவங்களுக்கு சாயங்காலம் 6 ஆகுறப்ப இங்க ராத்திரி 9. முன்னாடி ஷிப்ட் முடிஞ்சா வேன்ல ஏறுவோம், எந்த கஸ்டமர் கத்துனான், டீம் லீடர் ஏன் முறைச்சாரு, எல்லாத்தையும் இங்க பேசுற கிரியோல் பாஷைல பேசி சிரிச்சு எங்க ஊரு குவாத்ர போர்ன் வர்றதுக்குள்ள பாதி கோவம் எறங்கிரும். இப்ப ஹெட்செட்ட கழட்டுனா எதிர்ல மாமியார், அதே மூஞ்சியோட போயி சோறு போடணும், அவங்க என்ன கேட்டாலும் நான் எரிஞ்சு விழுறேன். அந்த வேன் எங்களுக்கு மருந்து மாதிரி இருந்திருக்கு, கம்பெனி கணக்குல அது வெறும் டீசல் செலவு.

வீட்ல ரெண்டே ரூம். இங்க ஜனவரின்னா கோடை, அந்த வெக்கைல ஃபேன போட்டா மைக்ல இரையுது, ஆஃப் பண்ணா வேர்த்து ஊத்துது. கரண்டு பில், நெட் பில் எங்க தலைல. காவடி விரதத்தப்ப வீட்டுக்குள்ள தேவாரம் படிக்கிறாங்க, பாரிஸ்ல இருந்து ஒரு அம்மா பின்னாடி என்ன சத்தம்னு கேக்குறாங்க, என்னத்த சொல்றது!

48 மணி நேரம் முன்னாடி நோட்டீஸ் குடுத்தா யாரையும் வீட்ல இருந்து வேலை பாக்க சொல்லலாம்னு 2020-ல தொழிலாளர் உரிமைச் சட்டத்துல சேத்தாங்க. கொரோனா ஊரடங்கு நேரம், அப்ப வேற வழியில்ல, சரி. இப்பவும் நோட்டீஸ் மட்டும் டாண்ணு வருது, வீட்ல இடம் இருக்கா, பாத்துக்க ஆள் இருக்கான்னு ஒருத்தரும் எங்கள கேக்கல. கூட வேலை பாக்குற ஒரு பொண்ணுக்கு கைக்குழந்த, அவளுக்கு வீடுதான் வசதி, அவ வீட்லயே பாக்கட்டும். என்னைய ஆபீஸுக்கு விடுங்க. யூனியன்காரங்க சம்பளம் பேசுறப்ப இதையும் சேத்து பேசணும், அந்த நோட்டீஸ்ல சம்மதமா இல்லையான்னு டிக் பண்ண ரெண்டு கட்டமாவது போட சொல்லணும்.

ஒரு வாசகி,
குவாத்ர போர்ன், மொரீஷியஸ்