தமிழ் சைட்டுக்கு இங்கிலீஷ் தீம் மட்டும் பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க வேலைவாய்ப்பு பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன், இனிமே வெப்சைட் பண்ண கோடிங்கே தேவையில்ல, ஒரு தீம் (சைட்டோட ரெடிமேட் டிசைன்) வாங்கி பெட்டி பெட்டியா இழுத்து போட்டா வேலை முடிஞ்சிதுன்னு எழுதியிருந்தாங்க. இங்கிலீஷ் சைட்டுன்னா பாதிக்கு மேல உண்மைதான். தமிழ்ல நியூஸ் சைட் நடத்துறவங்களுக்கு அது ஒத்துவராது. ஈரோட்டுல உக்காந்து இந்த மாதிரி சைட்டுகளுக்கு வேர்ட்பிரஸ்ல (சைட் நடத்துற சாஃப்ட்வேர்) லேஅவுட் பிளக்இன், அதாவது பக்கத்த அடுக்கி காட்டுற கூடுதல் கோடு, எழுதி குடுக்கறதுதான் என் பொழப்பு, அதனால சொல்றேன்.

விலைக்கு வாங்குற தீம்ல டெமோ பாத்தீங்கன்னா நாலெழுத்து அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தையா போட்டு ஜம்முன்னு காட்டியிருப்பாங்க. அதே கார்டுல (ஒரு செய்திக்கான பெட்டி) "ஒருங்கிணைப்பாளர்களுக்கிடையே"ன்னு ஒரு தலைப்பு போட்டு மொபைல்ல பாருங்க, வார்த்தை பெட்டிய தாண்டி பக்கத்து கார்டு மேல ஏறி நிக்கும். தலைப்புக்கு வரி உயரம் எழுத்து அளவுல 1.1 மடங்குன்னு வச்சிருப்பாங்க, நமக்கு மேல 'கீ' சுழியும் கீழ 'கூ' வளைவும் இருக்கறதால ரெண்டு வரியும் முட்டிக்கும், குறைஞ்சது 1.4, 1.5 வேணும். செய்திச் சுருக்கத்துக்கு வேர்ட்பிரஸ் தானா எடுக்கறது 55 வார்த்தை, இங்கிலீஷ்ல அது சின்ன பத்தி, தமிழ்ல 55 வார்த்தைன்னா கார்டு முழங்கால் வரைக்கும் இறங்கிடும்.

இத விட மோசம் தலைப்ப வெட்டுறது. தமிழ்ல ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8ல (கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்கற முறை) 3 பைட், 'கு'ங்கறது நம்ம கண்ணுக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ரெண்டு குறி ('க' ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு), 6 பைட். பிஹெச்பில (வேர்ட்பிரஸ் ஓடுற கோடிங் மொழி) சும்மா சப்ஸ்டர்ங்கற வெட்டுற ஃபங்ஷன போட்டு வெட்டுனா பைட் கணக்குல அறுத்து கடைசில கேள்விக்குறி போட்ட கருப்பு டைமண்ட் வந்து நிக்கும். சரி, எம்பி சப்ஸ்டர் போடலாம்னா அது குறி கணக்குல வெட்டும், "குடிநீர்" தலைப்பு "குடிந..."ன்னு தொங்கும். முழு எழுத்தா வெட்ட கிராஃபீம் சப்ஸ்டர்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கு தேவையான எக்ஸ்டென்ஷன் எல்லா சீப் ஹோஸ்டிங்லயும் ஆன்ல இருக்காது. நான் பெரும்பாலும் வெட்டவே மாட்டேன், முழு தலைப்பையும் அனுப்பிட்டு மூணு வரிக்கு மேல மறைச்சுடுன்னு சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்த சொல்ற கோடு) சொல்லிடுவேன்.

இதையெல்லாம் எங்க எழுதுறதுங்கறதுல தான் நம்ம பசங்க மாட்டிக்கிறாங்க, வாங்குன தீமோட ஃபைலுக்குள்ளயே கைய வச்சி திருத்திடுவாங்க, அடுத்த அப்டேட் வந்ததும் திருத்துனது மொத்தமும் போயிடும், கிளையன்ட் ஃபோன் பண்ணி திட்டுவாரு. கலர், ஃபான்ட், வரி உயரம் மாதிரி மேல் பூச்சுக்கு சைல்ட் தீம் (வாங்குன தீம் மேல தனியா போடுற சின்ன தீம்) போதும். லேஅவுட்ட தனி பிளக்இன்ல ஒரு பிளாக்கா (பக்கத்துல வேணுங்கற இடத்துல போடுற ஒரு துண்டா) எழுதி வைக்கணும், அப்பதான் நாளைக்கு தீம மாத்துனாலும் அது கூடவே வரும். 2018 டிசம்பர்ல வேர்ட்பிரஸ் 5.0 வந்ததுல இருந்து இந்த பிளாக் எடிட்டர் தான் ஓடுது, பிளாக்கோட பேரு, என்னென்ன செட்டிங்னு ஒரு ஜேசான் ஃபைல்ல சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சிது.

அதுலயும் ரெண்டு வகை. ஸ்டேட்டிக் பிளாக்ல ஹெச்டிஎம்எல் (பக்கத்தோட கோடு) அப்படியே போஸ்ட்டுக்குள்ள சேவ் ஆயிடும், ஆறு மாசம் கழிச்சு டிசைன்ல ஒரு டிவ் (கோடுல ஒரு பெட்டி) சேத்தீங்கன்னா பழைய செய்திய எடிட்டர்ல தொறக்கும்போது இந்த பிளாக் சரியில்லன்னு எர்ரர் காட்டும், பழைய வடிவத்த எல்லாம் கோடுல தனியா எழுதி வச்சாத்தான் சமாளிக்க முடியும். டைனமிக் பிளாக்னா போஸ்ட்ல செட்டிங் மட்டும் இருக்கும், பக்கம் தொறக்கும்போது பிஹெச்பி வரைஞ்சு குடுக்கும், ஒரு இடத்துல மாத்துனா எல்லா பழைய செய்திலயும் மாறிடும். ஆயிரக்கணக்குல பழைய செய்தி வச்சிருக்கற பத்திரிகைக்கு டைனமிக் தான் சரி, இதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. (ஜூம்லா, ட்ரூபல்னு இதே மாதிரி மத்த சாஃப்ட்வேர்ல வழி வேற, ஆனா அங்கயும் ஒரிஜினல் ஃபைல தொடாம வெளியில இருந்து மாத்துறதுதான் முறை.)

அதனால வேலை தேடுற பசங்களுக்கு கோடிங் வேணாம்னு எழுதாதீங்க சார். தமிழ் லேஅவுட் எழுத தெரிஞ்ச ஆளு கெடைக்காம சின்ன பத்திரிகைக்காரங்க அலையறத நான் பாத்துட்டு தான் இருக்கேன்.

இன்னொண்ணு, உங்க மொபைல் சைட்லயே 'தொடர்புடைய செய்திகள்' பெட்டியில தலைப்பு எல்லாம் அரை எழுத்துல அறுந்து நிக்குது, டெக் டீம்ல இருக்கறவங்கள அந்த வெட்டுற ஃபங்ஷன ஒரு தடவை பாக்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வெப் டெவலப்பர், ஈரோடு