மருந்தடிக்கும் விமானத்துக்குக் கிடைத்த ராணுவ வேலை

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. உன் குணம் எனக்குத் தெரியும், ரெண்டு நாள் போட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்பாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, அதனால் வீட்டில் டிவிக்குத் தடை. எனக்கும் படிக்க நேரம் கிடைக்கிறது.

வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்தில் அமெரிக்காக்காரன் ஏவுகணை மாட்டுகிறானாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். டெக்சாஸில் ஓல்னி என்ற சின்ன ஊர். அங்கே ஏர் டிராக்டர் என்ற கம்பெனி. அவர்களுடைய ஏடி-802 என்ற மருந்தடி விமானத்தை எல்3ஹாரிஸ் நிறுவனம் ராணுவத்துக்கு மாற்றித் தருகிறது. பெயர் ஓஏ-1கே. 2025-இல் ஸ்கைரைடர் 2 என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். வியட்நாம் போரில் பறந்த பழைய பிஸ்டன் எஞ்சின் ஸ்கைரைடர் உனக்கு நினைவிருக்கும்.

முதலில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கி, ஃபிட்டர் கண்ணோடு பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மூக்கில் எஞ்சின், அதற்குப் பின்னால் மருந்துத் தொட்டி, அதற்கும் பின்னால் உயரத்தில் விமானி. தொட்டியில் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். ஏன் இந்த வரிசை? மருந்தடிக்கிறவன் மரம், கம்பம், கம்பி எல்லாவற்றுக்கும் நடுவே பயிரை உரசிக்கொண்டு பறப்பவன். ஒருநாள் மோதினால் எஞ்சினும் தொட்டியும் நசுங்க வேண்டும், ஆள் பிழைக்க வேண்டும். அதோடு தொட்டி ஆளுக்குப் பின்னால் இருந்தால், மோதும்போது மொத்தப் பாரமும் முன்னால் வந்து அவனையே நசுக்கிவிடும். காக்பிட்டின் முன்கண்ணாடி நடுவே பார், கம்பியை அறுக்க ஒரு கத்தி நிற்கும். அறுபடாத கம்பி வாலில் போய்ச் சிக்காமல் வழுக்கி விலக, காக்பிட் உச்சியிலிருந்து வால் நுனி வரை ஒரு எஃகு வடம் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேஜையில் உட்கார்ந்து வரைந்தவனுக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது. எத்தனை பேர் விழுந்த பிறகு வந்ததோ.

ராணுவம் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். மண் ஓடுதளத்திலிருந்து முழுப் பாரத்தோடு கிளம்ப வேண்டும், ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்க வேண்டும், ரெண்டு மெக்கானிக்கும் ஒரு பெட்டி ஸ்பானரும் இருந்தால் போதும் என்றிருக்க வேண்டும். எஞ்சின் பிடி6. இப்போது நம் விமானப்படைப் பையன்கள் பயிற்சிக்கு ஓட்டும் பிலாட்டஸில் இருக்கிறதே, அதே குடும்பம். தன் எடையும் சேர்த்து 7,250 கிலோ வரை எழும்பும். மருந்தை எடுத்துவிட்டால் அந்த எடைக்கு எரிபொருள், கவசத் தகடு, கேமரா, குண்டு என்று எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். பின்சீட்டில் கேமராவையும் ஆயுதத்தையும் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள்.

கவசம் மாட்டும் யோசனை போர்க்களத்தில் பிறந்தது என்று நினைக்காதே. கொலம்பியாவில் பிறந்தது. கொக்கெய்ன் எடுக்கும் கோகா செடிகளை அழிக்க 2000-களில் அமெரிக்க வெளியுறவுத் துறை இதே ஏடி-802-ஐக் கொண்டுபோய்க் களைக்கொல்லி அடித்தது. செடியை வளர்த்தவர்களோடு துப்பாக்கிக்காரர்களும் இருந்தார்கள், கீழேயிருந்து சுட்டார்கள். காக்பிட்டுக்கும் எஞ்சினுக்கும் தகடு அடித்தார்கள். அப்படியும் விமானிகள் செத்தார்கள். அந்தக் களைக்கொல்லியில் இருக்கும் கிளைபோசேட் புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு சொன்ன பிறகு, 2015-இல் கொலம்பியா அந்தத் தெளிப்பையே நிறுத்திவிட்டது. வயல் வேலைக்கும் போர் வேலைக்கும் நடுவே இந்த விமானம் நின்ற இடம் அதுதான். ஏழை விவசாயியின் சோளமும் அந்த மருந்தில் கருகியது என்ற புகார் கடைசிவரை தீரவில்லை.

2009-இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் கம்பெனியே ஆயுதம் மாட்டிய வடிவத்தைக் காட்டியது. ஐக்கிய அரபு அமீரகம் வாங்கியது. அதில் சில ஜோர்டானுக்குப் போயின, சில லிபியாவின் கிழக்கே பாலைவனத் தளத்தில் நின்றன. பழைய கதை என்றால் குரோஷியாவைச் சொல்ல வேண்டும். 1991-இல் யூகோஸ்லாவிய ராணுவம் வுக்கோவார் நகரை முற்றுகையிட்டபோது, குரோஷியர்கள் மருந்தடிக்கும் ஆன்டனோவ்-2 விமானங்களை எடுத்து, வெந்நீர் பாய்லரிலும் கேஸ் சிலிண்டரிலும் வெடிமருந்து அடைத்து, ராத்திரியில் கதவு வழியாக உருட்டிவிட்டார்கள். டிசம்பரில் ஏவுகணை பட்டு ஒன்று விழுந்தது, உள்ளே இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள்.

என் சந்தேகமும் அந்த ஏவுகணையில்தான் இருக்கிறது. பிக்கப் வண்டியில் போகும் நாலு பேரைக் கண்காணிக்க எஃப்-16-ஐ மணிக்கணக்கில் சுற்ற விடுவது கட்டுப்படியாகாது, அது நியாயமான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு ஆப்கானிஸ்தானில் போட்டது. அமெரிக்கா அங்கிருந்து கிளம்பியது 2021 ஆகஸ்டில். இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தது 2022 ஆகஸ்டில்! 75 விமானம் வரை, உச்சவரம்பு 300 கோடி டாலர். இத்தனை எதற்கு என்று அவர்கள் நாட்டுத் தணிக்கை அமைப்பே 2023-இல் கேட்டது. அப்புறம் எண்ணிக்கை 62-ஆகக் குறைந்தது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை மலிந்துவிட்ட இடத்தில், பத்து மணி நேரம் மெதுவாகச் சுற்றும் விமானம் எவ்வளவு நேரம் தாங்கும்? எதிரி ஏழையாக இருக்கும் வரை மட்டும் நல்ல விமானம் என்பேன்.

அஜர்பைஜான்காரன் 2020-இல் வேறு மாதிரி யோசித்தான். பழைய ஆன்டனோவ்-2-களை ஆளில்லாமல் பறக்கவிட்டான். ஆர்மீனியாவின் வான்பாதுகாப்பு அதைச் சுட்டதும், சுட்ட இடம் தெரிந்துபோயிற்று. அங்கே டிரோன் போய் அடித்தது. மனுஷன் இல்லாத மருந்தடி விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, நீ ரசிப்பாய். இது வால்சக்கர விமானம். மண்ணில் இறங்க அதுதான் தோது, முன்சக்கரம் என்றால் குழியில் மாட்டி ஒடியும். ஆனால் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் கொஞ்சம் கோணினாலும் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும், தள்ளுவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளுகிற மாதிரி. ஜெட்டிலேயே வளர்ந்த விமானிகளுக்கு ஓக்லஹோமாவில் இதை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொடுக்கிறார்களாம். பயிருக்கு மருந்தடித்த கிழவர்கள் யாராவது அங்கே வாத்தியாராக இருந்தால் கொடுத்துவைத்தவர்கள்.

இவ்வளவுக்கும் விமானத்திலிருந்து முதன்முதலில் மருந்து தூவியதே ராணுவம்தான். 1921 ஆகஸ்ட், ஒஹாயோ மாநிலம் டிராய், கட்டால்பா மரங்களில் புழு. லெப்டினன்ட் மக்ரெடி ராணுவ விமானத்தில் போய் ஈய ஆர்சனேட் பொடியைத் தூவினார். நூறு வருஷம் கழித்து ராணுவம் கடனைத் திரும்ப வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளேன்.

பெங்களூரில் நீ டெபுடேஷனில் இருந்தபோது எச்.ஏ.எல். செய்த பசந்த் மருந்தடி விமானத்தைக் கிட்டே போய்ப் பார்த்ததாகச் சொல்வாயே. அதன் தொட்டியும் தெளிப்புக் குழாயும் எப்படி மாட்டியிருந்தார்கள் என்று நினைவிலிருந்து ஒரு படம் போட்டு அனுப்பு. கண் முழுசாக ஆறிய பிறகு போட்டால் போதும். பொங்கல் கழிந்து தாம்பரம் வருகிறேன், மருமகன் வீட்டில் நாலு நாள் இருப்பேன். உனக்கு எந்த நாள் வசதி என்று எழுது.

அன்புடன்,
துரை