கணினியில் தோன்றும் போலி வைரஸ் எச்சரிக்கை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாகவும் உடனே ஓர் எண்ணை அழைக்குமாறும் கூறும் எச்சரிக்கை நம் குடியிருப்பில் சிலருக்கு வந்துள்ளது. ஏதோ ஓர் இணையதளம் கேட்டபோது நாம் 'அனுமதி' என்று அழுத்தியதால் வரும் அறிவிப்பாகவே இது பெரும்பாலும் இருக்கும். கோப்பு எதுவும் இறங்காத நிலையில் ஆன்டிவைரஸ் எவ்வளவு தேடினாலும் அதற்கு ஒன்றும் அகப்படாது.

1. அந்த எண்ணை அழைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதில்லை.
2. திரை முழுவதையும் அது மறைத்தால் எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள். மூடவில்லையெனில், இயங்கும் செயலிகளை நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜர் மூலம் பிரவுசரை நிறுத்துங்கள்.
3. குரோம் அமைப்புகளில் 'அறிவிப்புகள்' பகுதிக்குச் சென்று, அறிமுகமில்லாத தளங்களை நீக்குங்கள். அதன் பிறகும் வந்தால் எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சிறு செயலிகளை) சரிபாருங்கள்.
4. தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலி வழியாக யாரையேனும் கணினிக்குள் அனுமதித்திருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்க அறையில் கணினிகளைச் சரிபார்த்துத் தர ஏற்பாடு செய்துள்ளோம். வருவோர் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டு எண்ணை இங்கே பதிவிடுங்கள். எச்சரிக்கையின் படத்தை அனுப்பலாம். இணைப்பை மட்டும் தயவுசெய்து பகிர வேண்டாம்.

செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்