வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: கையில் இருக்கும் புத்தகம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் நம் வாசகர் வட்டம் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி வருகிறது. படித்து முடித்த நூலைப் பற்றி அல்லாமல், அப்போது கையில் இருக்கும் நாவலையோ தன்வரலாற்றையோ பற்றி மட்டுமே பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அந்த முடிவு ஓராண்டில் என்ன பலன் தந்தது என்பதே இவ்வறிக்கையின் பொருள். சந்தா வரவும் தேநீர்ச் செலவும் பொருளாளர் தனியே வைக்கும் கணக்கில் உள்ளன.

சித்திரை முதல் ஆவணி வரை நம் கூட்டங்களில் மிகுதியாகப் பேசப்பட்ட நூல் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அவர் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த கல்லூரியைக் காவிரிக்கரையில் நாம் அன்றாடம் கடந்து போகிறோம். அதனாலேயே நம்மில் பலர் இந்நூலைப் படிக்காமலே படித்துவிட்டதாக எண்ணியிருந்தோம். ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கிய இத்தொடர், 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்தபோது அவருடைய வாழ்க்கைக் கதையில் 1899ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று. நூலாக வந்தது 1950இல்தான். ஆகவே அதை முதன்முதலாக வாரந்தோறும் படித்தவர்கள் எல்லோருமே பாதியில் நின்று பேசியவர்கள்தான் என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது, நம் விதிக்கு அதைவிடப் பொருத்தமான நூல் வேறு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

தொடக்கத்தில் குறைபட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். தமிழ் கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடித் தந்தையும் மகனும் ஊர் ஊராகப் போவதும், படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பெயர்களை அடுக்குவதும் சலிப்பூட்டுவதாக வைகாசிக் கூட்டத்தில் மூவர் கூறினார்கள். அது குறிப்பேட்டில் உள்ளது. ஆடியில் அவர்கள் சேலம் இராமசுவாமி முதலியார் வரும் இடத்தை எட்டியிருந்தார்கள். கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த முதலியார், இளம் ஆசிரியர் பெருமையோடு சொல்லும் அந்தப் பட்டியல் முழுவதையும் கேட்டுவிட்டு, இவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். அந்தப் பெயர்களைச் சுமந்துகொண்டு அதுவரை உடன் நடந்து வந்த வாசகருக்குத்தான் அந்தக் கேள்வி தைக்கும்; அவற்றைத் தாண்டிப் படித்தவருக்கு அது வெறும் செய்தி. சலித்துக்கொண்ட மூவரும் இதைத் தாங்களே கண்டு சொன்னார்கள். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது வரை அன்று பேச்சு நீண்டது. நூலின் ஒரே பிரதி ஐந்து பேர் கையில் மாறி மாறிப் போனதால் சிலருக்கு மாதக் கணக்கில் காத்திருக்க நேர்ந்ததை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

பேசுபவர் தாம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறார் என்பதை முதலில் சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்துக்கு அப்பால் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்ற துணைவிதி என் பிழையால் வந்தது. கல்லூரி மாணவியான நம் இளைய உறுப்பினர், தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் ரங்கண்ணாவிடம் பாபு சங்கீதம் பயிலும் பகுதியைப் பற்றி, குருவின் வீடே ஒரு தம்புரா போல ஒலிப்பதாக அழகாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டு, யமுனாவின் கதை எங்கே போய் முடிகிறது என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் அடுத்த இரு கூட்டங்களுக்கு வரவில்லை. ஒருவருடைய வாசிப்பிலிருந்து திருப்பித் தர முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டேன் என்பதை உணர்ந்து, அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பி வந்து நாவலை முடித்ததும், நான் சொன்ன முடிவு சரியாக இருந்தாலும் அதற்கு நான் சொன்ன காரணம் தவறு என்று விளக்கினார். அவர் கூற்றை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) பற்றிய பேச்சே இவ்வாண்டின் மிகக் கடினமான பேச்சு. நூல் முழுவதும் ஊர்ப் பேச்சுத் தமிழில் இருப்பது தகாது என்று ஓய்வுபெற்ற ஆசிரியரான உறுப்பினர் முதல் கூட்டத்தில் உறுதியாகச் சொன்னார். அடுத்த மாதம் அவரே ஒரு காட்சியைச் சொல்ல எழுந்தார். பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள். அப்படிப் பிடிக்க வேண்டியிருப்பதன் காரணம் தீண்டாமை என்று அண்ணன் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. தானும் அவளோடு சேர்ந்து சிரித்ததாகவும், செந்தமிழில் எழுதியிருந்தால் தன்னை அப்படிச் சிரிக்க வைத்திருக்க முடியாது என்றும் அந்த உறுப்பினர் கூறினார். முந்தைய கருத்தை அடித்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, அது அப்படியே இருக்கட்டும், அதன் கீழே இதை எழுதுங்கள் என்றார். அன்றிலிருந்து நம் குறிப்பேட்டில் எந்தக் கருத்தும் அடிக்கப்படுவதில்லை.

‘கருக்கு’ நாவலா தன்வரலாறா என்ற கேள்வி எழுந்தபோதுதான் எம். வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ பேச்சுக்கு வந்தது. நம்மூரிலேயே பிறந்து, சரிகை வணிகம் செய்து வாழ்ந்தவர் அவர். தம் காதுகளுக்குள் ஓயாமல் ஒலித்த குரல்களின் வதையை மகாலிங்கம் என்ற பாத்திரத்துக்குக் கொடுத்து எழுதிய அந்நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பட்டு நெசவாளரான மூத்த உறுப்பினர் அதை நாவலாகத்தான் படிக்க முடிகிறது என்றார். உண்மை என்று எண்ணிப் படித்தால் இரவில் தூக்கம் வருவதில்லை என்று அவர் சொன்ன காரணத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை இருவர், கதை இந்தோனேசியாவின் மேடான் நகரில் நடக்கும் பகுதியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதற்கான காரணமும் கருத்துதான் என்பதால் அதுவும் பதிவாகியுள்ளது. இருந்தாலும் நாவலின் பிற்பகுதியில் மொழி கொள்ளும் வேகத்தை அவர்கள் இழந்துவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். மீண்டும் எடுக்குமாறு வேண்டுகிறேன்.

பெண்கள் எழுதிய தன்வரலாறுகளில் ‘கருக்கு’ ஒன்றைத் தவிர வேறெதுவும் நம் பேச்சுக்கு வராதது பெருங்குறை. வரும் ஆண்டில் முதல் மூன்று கூட்டங்களை அவற்றுக்கென ஒதுக்கவும், பேசப்படும் நூலுக்கு இரண்டாவது பிரதி ஒன்றைச் சந்தாப் பணத்தில் வாங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டையும் தீர்மானங்களாக முன்வைத்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்