நண்பரின் நேர்மை

ஐயா,

ஆட்களைச் சேர்த்துவிட்டால் பணம் என்று ஆசை காட்டும் பணச் சுழற்சித் திட்டங்களை மத்திய அரசு 1978-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றித் தடை செய்திருந்தும், அவை இன்றளவும் தழைப்பதற்குக் காரணம், விளம்பரத்தை நம்பாத நாம் நண்பரின் வாய்ச்சொல்லை நம்பிவிடுவதுதான். பள்ளித் தோழர் ஒருவர் சொன்னதைக் கேட்டு நானும் 50,000 ரூபாய் கட்டி இழந்தேன். சென்ற மாதம் அவர் வீட்டுக்கு வந்து, என்னைச் சேர்த்துவிட்டதற்குத் தமக்குக் கிடைத்த கமிஷன் 5,000 ரூபாயை மஞ்சள் பையிலிருந்து எடுத்து எண்ணி மேசைமேல் வைத்தபோது, அவர் கை நடுங்கியது. இழந்த தொகையைவிட அந்த நேர்மையே எனக்குப் பெரிதாகப்பட்டது. இப்படி நண்பர்களைச் சேர்த்துவிட்டவர்கள், வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாமல், பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் அளிக்க முன்வர வேண்டும். அவர் அளித்துவிட்டார், உடன் சென்றவன் நான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்.