பேனர் பிரேமுக்குக் காற்றுதான் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளம்பர பேனர் எங்கே விழுந்தாலும் 'பலத்த காற்றில் சரிந்தது' என்றே செய்தி வருகிறது. காற்று வீசத்தான் செய்யும். எவ்வளவு வீசினால் எந்த பிரேம் நிற்கும், எது சாயும் என்பதை நிறுத்துவதற்கு முன்பே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பேனர் அடிக்கக் கொடுப்பவர்கள் படத்தையும் எழுத்தையும் நாலு முறை சரிபார்க்கிறார்கள். அதைத் தாங்கப்போகும் பிரேமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவர்களும் கேட்க வேண்டும், செய்து நிறுத்துபவர்களும் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஏமாற்றுவது பேனரின் எடை. 10 அடி அகலம், 8 அடி உயரமுள்ள பிளக்ஸ், நல்ல கனமான 440 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 440 கிராம்) ரகமாகவே இருந்தாலும் மூன்றேகால் கிலோதான். 'மூன்று கிலோவுக்கு எதற்கு இவ்வளவு இரும்பு' என்று மெல்லிய குழாயை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். பிரேம் தாங்க வேண்டியது அந்த மூன்று கிலோவை அல்ல. காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். அதை 9.8-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு. மணிக்கு 36 கி.மீ., அதாவது விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் அது சதுர மீட்டருக்கு 6 கிலோ. 72 கி.மீ. என்றால் 24 கிலோவுக்குச் சற்று மேல். 108 கி.மீ. என்றால் 55 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. தட்டையாக நிற்கும் பலகைக்கு இதைக் குறைந்தது 1.2-ஆலும் பெருக்க வேண்டும், ஏனென்றால் முன்பக்கம் காற்று தள்ளும்போதே பின்பக்கம் உறிஞ்சவும் செய்கிறது.

மேலே சொன்ன பேனரின் பரப்பு 7.4 சதுர மீட்டர். 72 கி.மீ. காற்றில் அதன்மேல் விழுவது சுமார் 218 கிலோ, 108 கி.மீ. காற்றில் 490 கிலோ. வானிலை அறிவிப்பில் வருவது பெரும்பாலும் சராசரி வேகம் என்பதும் நினைவிருக்கட்டும். திடீர் வீச்சு அதைப்போல் ஒன்றரை மடங்கு வரை போகும். ஒன்றரை மடங்கு வேகம் என்றால் இரண்டேகால் மடங்கு விசை.

இனி குழாய். 25 மி.மீ. ஸ்கொயர் டியூப் (சதுர இரும்புக் குழாய்), 1.6 மி.மீ. கனத்தில், மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ எடை. 50 மி.மீ. டியூப் 2 மி.மீ. கனத்தில் 3 கிலோ. இரும்பு இரண்டரை மடங்குதான் கூடுகிறது. ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை ஐந்து மடங்குக்கு மேலும், விறைப்பு பத்து மடங்குக்கு மேலும் கூடிவிடுகின்றன. ஆகவே குழாயின் சுவரைத் தடிப்பாக்குவதைவிடக் குழாயை அகலமாக்குவதே லாபம். இருபது சதுர அடிக்கு உட்பட்ட சிறிய பேனருக்கு 25 மி.மீ. போதும். 80 சதுர அடிக்குக் கால்களும், அவற்றைப் பின்னாலிருந்து சாய்வாகத் தாங்கும் முட்டும் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது, உள்ளே போகும் குறுக்குச் சட்டங்கள் 25 அல்லது 40 மி.மீ. இருக்கலாம். ரீப்பர் மரச்சட்டம் ஓரிரு நாள் வேலைக்கு, அதுவும் சிறிய அளவுக்கு மட்டும். ஆணி அடித்த மூட்டு ஆடி ஆடியே தளர்ந்துபோகும். சுருட்டி வைக்கும் ரோல்-அப் ஸ்டாண்டும் எக்ஸ் ஸ்டாண்டும் கூரைக்குக் கீழே வைப்பதற்கானவை.

முட்டு இல்லாமல் இரண்டு கால்களை மட்டும் நட்டு பேனர் கட்டுவதுதான் அடிக்கடி காணும் தவறு. பேனரின் அடிவிளிம்பு தரையிலிருந்து 7 அடியில் இருந்தால் அதன் நடுப்புள்ளி 3.35 மீட்டர் உயரத்தில் இருக்கும். 218 கிலோவை அந்த உயரத்தால் பெருக்கினால் கவிழ்க்கும் திருப்புவிசை 730 கிலோ-மீட்டர். இரண்டு 50 மி.மீ. கால்கள் மட்டும் இதைச் சுமந்தால், தரையோரத்தில் அந்தக் குழாய் தாங்கக்கூடியதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வளைவு வருகிறது. அதனால்தான் கால் பிடுங்கிக்கொள்ளாமல் தரைமட்டத்திலேயே மடிந்து விழுகிறது. பின்முட்டு காலின் மொத்த உயரத்தில் முக்கால் பங்கு அளவில் சேர வேண்டும், தரையோடு 60 பாகைக்கு மேல் செங்குத்தாகக் கூடாது. இந்த பிரேமுக்கு அது பதினொன்றேகால் அடி உயரத்தில் சேர்ந்து, காலுக்குப் பின்னால் ஆறரை அடி தள்ளித் தரையைத் தொடும். இரண்டு கால்களுக்கும் இடையே ஒரு மூலைவிட்டக் குறுக்குக் கம்பியும் வேண்டும். அது இல்லாத செவ்வகம் பக்கவாட்டில் சாய்ந்து கோணலாகிவிடும்.

மணல் மூட்டையை எங்கே வைப்பது என்பதில் பழகிய கைகளும் தவறுகின்றன. முட்டின் பின்பாதத்தில் மட்டும் மூட்டைகளை அடுக்கிவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். முன்னாலிருந்து காற்று அடித்தால் பிரேம் பின்பாதத்தை அச்சாகக் கொண்டுதான் கவிழும், முன்கால்தான் தரையைவிட்டு எழும். அச்சின்மேலேயே ஏற்றிய எடை அந்தக் கவிழ்ப்பை ஒரு துளியும் தடுக்காது. அப்போது பிடிப்பது முன்காலில் உள்ள எடை. பின்பாதத்து எடை பின்னாலிருந்து வரும் காற்றுக்கு மட்டுமே உதவும். காற்று எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே அளவு எடை வேண்டும்.

அந்த அளவையும் பார்த்துவிடலாம். முன்காலுக்கும் பின்பாதத்துக்கும் இடையே 2 மீட்டர் என்றால், 730-ஐ 2-ஆல் வகுத்து முன்வரிசைக்கு 365 கிலோ, பின்வரிசைக்கும் 365 கிலோ. 25 கிலோ மூட்டைகளாக வரிசைக்கு 15. இது விளிம்பில் நிற்கும் கணக்கு. பாதுகாப்புக்கு இன்னும் பாதி சேர்த்தால் 22 ஆகிவிடும். பிரேமின் சொந்த எடை இதில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஆகவே இந்த அளவு பேனரை மூட்டை வைத்து நிறுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 4 அடி அகலம், 6 அடி உயரத்தில் தரையிலிருந்து ஓரடி மேலே நிற்கும் பேனருக்கு அதே 72 கி.மீ. காற்றில் 65 கிலோ விசைதான். பாதங்களுக்கு இடையே 80 செ.மீ. இருந்தால் முன்னும் பின்னும் 100 கிலோ வீதம், அதாவது 4 மூட்டைகள், பாதுகாப்புக்குச் சேர்த்து 6. இது செய்யக்கூடியது. மூட்டை பாதத்தின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் சாய்த்து வைத்தால் பயனில்லை. பிளாஸ்டிக் சாக்கு சில மாத வெயிலில் நைந்து மணலைக் கொட்டிவிடும். நீண்ட நாள் நிற்பதற்குக் கான்கிரீட் கட்டியே மேல். எல்லாப் பக்கமும் ஓரடி உள்ள கட்டி ஒன்று 68 கிலோ இருக்கும். வழுவழுப்பான தளத்தில் பாதத்தின் அடியில் ரப்பர் விரிப்பு போடாவிட்டால் கவிழாத பிரேம்கூட வழுக்கி நகரும்.

பெரிய பேனருக்கு அஸ்திவாரம்தான் வழி. நான்கு பாதங்களிலும் ஒன்றரை அடி சதுரம், 2 அடி ஆழத்துக்குக் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டால், ஒவ்வொன்றும் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். 72 கி.மீ. காற்றில் அந்த 365 கிலோவை இரண்டு கால்கள் பகிர்ந்தால் ஒரு காலில் வரும் மேல்நோக்கிய இழுப்பு 180 கிலோவைச் சற்றே தாண்டும் என்பதால் அது போதும். 108 கி.மீ. காற்றுக்கு நிற்க வேண்டுமென்றால் குழியும் குழாயும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும், அதற்குப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். குழாயின் அடிமுனையில் ஒரு கம்பித் துண்டைக் குறுக்கே வெல்டு செய்து புதைத்தால் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொள்ளாது. கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தண்ணீர் வடியுமாறு சரித்து விடுங்கள். துரு முதலில் பிடிப்பது குழாய் தரையைத் தொடும் அந்த ஓரத்தில்தான். குறைந்தது 7 நாள் நீர் ஊற்றி ஆறவிட்ட பிறகே பிளக்ஸ் ஏற்ற வேண்டும். வெறும் மண்ணில் கடப்பாரையால் குத்தி நட்ட கால் வெயிலில் கெட்டியாக நிற்பதுபோல் தெரியும். மழையில் ஊறிய மண் பிடியை விட்டுவிடும், பலத்த காற்றும் பெரும்பாலும் அந்த மழையோடுதான் வரும்.

கட்டடத்தில் பொருத்தினால் கான்கிரீட் தூண், பீம், தளம் இவற்றில் மட்டும் ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) அடியுங்கள். 150 மி.மீ. சதுரம், 6 மி.மீ. தடிமனுள்ள பேஸ் பிளேட் (அடித்தகடு), நான்கு 12 மி.மீ. போல்ட்டுகள், பூச்சைக் கழித்துக் கான்கிரீட்டுக்குள் 75 மி.மீ.க்குக் குறையாத ஆழம். துளையிலுள்ள தூளை ஊதி எடுக்காமல் அடித்த போல்ட் முறுக்கும்போது கூடவே சுற்றும். செங்கல்லில் விரியும் ஆங்கர் கல்லையே பிளந்துவிடும். அங்கே சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து இறுக்கலாம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டவே வேண்டாம். பக்கவாட்டு இழுப்புக்காகக் கட்டிய சுவர் அல்ல அது, பேனரோடு சேர்ந்து சுவரும் கீழே போகும்.

வெல்டிங்கில் நான்கு மூலையிலும் புள்ளி வைத்துவிட்டுப் போவது போதாது, மூட்டைச் சுற்றி முழுதும் ஓட வேண்டும். பிறகு பிசிறைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயின்ட். குழாயின் மேல்முனையை மூடி, கீழே ஒரு சிறு துளை விடுங்கள். உள்ளே தேங்கும் நீர் குழாயை உள்ளிருந்தே அரிப்பது வெளியே தெரியாது.

பிளக்ஸைக் கட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. விளிம்பை 2 அங்குலம் மடித்து ஒட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடிக்க வேண்டும். வழக்கமாக 2 அடிக்கு ஒன்று அடிக்கிறார்கள். 10-க்கு 8 பேனரில் அப்படி 18 ஐலெட்டுகள் வரும். 218 கிலோவைப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 12 கிலோதானே என்று தோன்றும். அது காற்று தள்ளும் திசைக்கு மட்டும். இரண்டு முனையில் இறுக்கிய கொடிக்கயிற்றின் நடுவில் சிறு எடை தொங்கினாலும் முனைகளில் பெரும் இழுப்பு வருவதுபோல, துணியின் வழியே ஐலெட்டில் வரும் இழுப்பு அந்த 12-ஐப்போல் பல மடங்கு. அதுதான் ஐலெட்டைப் பிய்க்கிறது. தளர்வாகக் கட்டுவதும் தீர்வல்ல, படபடவென்று அடித்துக்கொள்ளும் பிளக்ஸ் ஓரத்திலிருந்து கிழியத் தொடங்கும். சீராக இறுக்கி, கொஞ்சம் நெகிழும் ரப்பர் வளையமோ ஒவ்வொரு ஐலெட்டிலும் கோத்த பாலியஸ்டர் கயிறோ பயன்படுத்துங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும். வெள்ளை கேபிள் டை வெயிலில் சில மாதத்தில் முறியும், கறுப்பு அதைவிட நாள் தாங்கும். நடுச்சட்டத்தின் வெல்டிங் பிசிறு பிளக்ஸின் முதுகில் உரசினால் ஒரே வாரத்தில் கீறிவிடும் என்பதால் அங்கே ரப்பர் பட்டை சுற்ற வேண்டும்.

பிளக்ஸில் பிறை வடிவில் ஓட்டைகள் வெட்டினால் காற்று போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். பரப்பில் சிறு பங்குகூட இல்லாத அந்த ஓட்டைகளால் சுமை பெரிதாகக் குறையாது. வெட்டின் முனையிலிருந்து கிழிசல் ஓடுவதுதான் மிச்சம். காற்று புகுந்து போக வேண்டுமென்றால் மெஷ் வகை பிளக்ஸையே அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் பிரேமை முழுப் பரப்புக்கே கணக்கிடுவது நல்லது, அடுத்த முறை அதே பிரேமில் யாராவது சாதா பிளக்ஸைக் கட்டக்கூடும்.

இழுப்புக் கம்பி கட்டினால் தரையோடு 45 பாகை சாய்வு வேண்டும். கம்பிக்கயிற்றின் முனையை மடித்துக் கிளிப் போடும்போது, கிளிப்பின் தட்டையான அடிப்பாகம் சுமை தாங்கும் நீண்ட பக்கத்திலும் யு போல்ட் வெட்டிய குட்டை முனையின் மேலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யு போல்ட் சுமைக் கயிற்றையே நசுக்கிவிடும். ஒவ்வொரு முனைக்கும் மூன்று கிளிப். விளக்குக் கம்பத்திலும் மரத்திலும் இழுத்துக் கட்டக் கூடாது. அந்தக் கம்பம் தன்மேல் விழும் காற்றுக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது.

மின்கம்பிக்கு அருகே இடம் பார்க்கவே வேண்டாம். பிரேம் எந்தப் பக்கம் முழு நீளமாகச் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். தூக்கி நிறுத்தும்போதுதான் அதிகம் தவறுகிறது என்பதால் படுக்கவைத்தே எடுத்துச் சென்று, குறைந்தது நான்கு பேர் சேர்ந்து நிமிர்த்துங்கள். விளக்குப் பொருத்தினால் பிரேமுக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்சும் கட்டாயம். சாலைத் திருப்பத்தில் வண்டி ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும் இடம் எவ்வளவு நல்ல விளம்பர இடமானாலும் விட்டுவிட வேண்டிய இடம்.

நிறுத்திய மறுநாள் எல்லா போல்ட்டையும் ஒரு முறை இறுக்குங்கள், ஒவ்வொரு பலத்த காற்றுக்குப் பின்னும் மறுபடி பாருங்கள். சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் காற்று மணிக்கு 30 கி.மீ.யை எட்டிவிட்டது என்று பொருள். மூட்டை வைத்து நிறுத்திய பேனர்களை அப்போதே படுக்கவைத்துவிட வேண்டும். பெரிய பேனர்களில் பிளக்ஸை மட்டும் கழற்றினால் போதும், வெறும் பிரேமில் காற்றுக்குப் பிடிக்க அதிகம் இல்லை. ஆனால் எச்சரிக்கை வந்தவுடன், காற்று வருவதற்கு முன் கழற்ற வேண்டும். வீசும் காற்றில் ஏணி வைத்து ஏறி 80 சதுர அடி பிளக்ஸை அவிழ்ப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

அச்சகங்களுக்கும் பிரேம் செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரசீதில் பேனரின் நீள அகலத்தை எழுதுவதுபோலக் குழாயின் அளவு, கனம், எத்தனை கி.மீ. காற்றுக்குக் கணக்கிட்டது, எந்த வேகத்தில் பிளக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அதையே நிறுத்திய தேதி, அகற்ற வேண்டிய தேதியோடு ஒரு சிறு தகட்டில் எழுதிப் பின்முட்டில், நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் பொருத்திவிடலாம்.

இப்படிக்கு,
விளம்பர பிரேம் அமைக்கும் தொழிலில் உள்ள வாசகர்